குடியிருப்பின் குரலாக முன்வருதல்: தைப்பிங் வட்டாரச் செய்தித் தொடர்பாளருக்கான வழிமுறை

தாமான், கம்போங், புதுக்கிராமம் என எவ்வகைக் குடியிருப்பாயினும், அங்கு வாழ்வோர் சங்கமாகக் கூடி நகராண்மைக் கழகத்திடமோ மாநில அரசிடமோ ஒன்றைக் கோரும்போது, அக்கோரிக்கையை ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துரைக்கும் தன்னார்வலரே செய்தித் தொடர்பாளர் எனப்படுகிறார். அவர் சங்கத்தின் தலைவராக இருக்க வேண்டியதில்லை. நாவன்மை மிக்கவராகவும் இருக்க வேண்டியதில்லை. செயலவை முடிவு செய்ததை முடிவு செய்த அளவில், கூட்டாமலும் குறைக்காமலும், கேட்பவருக்குப் புரியும் மொழியில் சொல்வது மட்டுமே அவருடைய கடமையாகும்.

மலேசியாவில் உள்ளூராட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தால் அகற்றப்பட்டுவிட்டதால், தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினர்கள் வாக்களிப்பால் அல்லாமல் மாநில அரசின் நியமனத்தால் பதவிக்கு வருகின்றனர். வாக்குச்சீட்டின் வழியாகக் கழகத்தை வழிநடத்த இயலாத இச்சூழலில், தெருவின் குறையைப் பொதுவெளிக்குக் கொண்டுசெல்லும் குரலுக்கு மற்ற நாடுகளில் இருப்பதைவிடக் கூடுதல் பொறுப்பு ஏற்பட்டுள்ளது.

பொறுப்பை ஏற்பதற்கு முன்

1. சங்கத்தின் சட்ட நிலையை உறுதி செய்தல். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி இயங்கும் அமைப்பு சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாத குழுவின் பெயரால் அறிக்கை விடுபவர், கோரிக்கை எவ்வளவு நியாயமானதாயினும், தம்மையும் தம் அண்டை வீட்டாரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறார். ருக்குன் தெத்தாங்கா எனப்படும் அண்டை அயலார் நல்லிணக்க அமைப்பு தேசிய ஒருமைப்பாட்டு இலாகாவின்கீழ் இயங்குவதால், அரசுத் துறைகளை நோக்கிக் குரல் எழுப்பும் பணிக்குக் குடியிருப்பாளர் சங்கமே ஏற்றதாகும்.

2. நியமனத்தை எழுத்தில் பெறுதல். யார் பேசுவார், எந்தப் பொருள் குறித்துப் பேசுவார், எவ்வளவு காலம் பேசுவார் என்பவற்றைச் செயலவைக் கூட்டத்தில் தீர்மானமாக்கி, கூட்டக் குறிப்பில் பதிந்து, செயலாளரின் கையொப்பத்துடன் ஒரு படியைத் தொடர்பாளர் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. மூன்று எல்லைகளை வரையறுத்தல். கேட்காமலேயே சொல்லக்கூடியவை, செயலவையின் புலனக் குழுவில் ஒப்புதல் பெற்றபின் சொல்லக்கூடியவை, எந்நிலையிலும் சொல்லக்கூடாதவை என மூன்று பட்டியல்களை முன்கூட்டியே எழுதிவைத்தால், நிருபர் காத்திருக்கும் நேரத்தில் தடுமாற்றம் ஏற்படாது.

4. தொழில் சார்ந்த தடைகளை ஆராய்தல். தமிழர் மிகுந்த குடியிருப்புகளில் இப்பொறுப்பு பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் தலையிலேயே வந்து விழுகிறது; எழுதவும் பேசவும் அறிந்தவர் அவர் என்பது உண்மைதான். ஆனால் அரசு ஊழியர்கள் 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் (நடத்தை, கட்டொழுங்கு) விதிமுறைகளுக்கு உட்பட்டவர்கள். முன் அனுமதியின்றி அரசுக் கொள்கை குறித்துப் பொது அறிக்கை விட அவர்களுக்குத் தடை உண்டு. ஆசிரியர் அறிக்கையை வரைந்து தரலாம். ஆனால் வேறொருவரே அதனை வெளியிட்டுப் பேச வேண்டும்.

5. இரண்டாமவரை அமர்த்துதல். நோய், வெளியூர்ப் பயணம், வேலைமாற்றம் எதுவும் நேரலாம். மாற்றாளர் வேறு மொழியில் வல்லவராகவோ வேறு இனத்தவராகவோ இருப்பின் சங்கத்திற்குப் பலம் இரட்டிப்பாகும்.

வடிகால் யாருடையது?

தவறான அலுவலகத்தின் கதவைத் தட்டுவதே புதிய தொடர்பாளர்கள் மிகுதியாகச் செய்யும் பிழையாகும். நகராண்மைக் கழகத்தைக் கண்டித்து நாளிதழில் செய்தி வந்தபின், அச்சாலை கூட்டரசுச் சாலை என்றும் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பில் உள்ளது என்றும் கழகம் ஒரே வரியில் பதிலளித்துவிட்டால், சங்கத்தின் அடுத்த அறிக்கையை எவரும் பொருட்படுத்தமாட்டார்.

தைப்பிங்கில் பொதுவான பகுப்பு பின்வருமாறு அமைகிறது. நகரச் சாலைகள், சாலையோர வடிகால்கள், தெருவிளக்கு, பொதுப் பூங்காக்கள் ஆகியவை கழகத்தைச் சேர்ந்தவை. ஆறுகளும் பெரிய கால்வாய்களும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின்கீழ் வருகின்றன. குழாய்நீர் பேராக் நீர் வாரியத்தையும், பொதுக் கழிவுநீர்க் குழாய் இண்டா வாட்டர் நிறுவனத்தையும் சாரும். மலைச்சரிவுக் காடுகள் மாநில வனத்துறையின் பார்வையில் உள்ளன. குப்பை அகற்றுதல் கெடா, ஜொகூர் போன்ற மாநிலங்களில் கூட்டரசுச் சட்டத்தின்கீழ் ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பினும், பேராக் அந்தச் சட்டத்தை ஏற்காத மாநிலமாதலால் இங்கு அது கழகத்தின் நேரடிப் பொறுப்பாகவே உள்ளது. மேம்பாட்டாளர் இன்னும் கழகத்திடம் ஒப்படைக்காத புதிய தாமான்களில் மட்டும் இப்பகுப்பு பொருந்தாது. அங்கு முதற்கேள்வி, சாலையும் வடிகாலும் முறைப்படி ஒப்படைக்கப்பட்டனவா என்பதாகவே இருக்க வேண்டும்.

குறிப்பு: ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவையாகும். இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. கூட்டத்திற்கு ஒருமுறை சென்று அமைதியாக அமர்ந்து வந்தாலே, எந்த உறுப்பினர் எந்தப் பொருளில் அக்கறை காட்டுகிறார் என்பது தெளிவாகிவிடும்.

கோப்பு

சிலாங்கூர், பினாங்கு ஆகிய மாநிலங்களில் இருப்பதைப் போன்ற தகவல் சுதந்திரச் சட்டம் பேராக்கில் இல்லை. ஆகவே அரசு தரக்கூடிய ஆவணத்தை எதிர்பார்த்திருப்பதைவிட, சங்கமே தன் ஆவணத்தை உருவாக்கிக்கொள்வது அறிவுடைமை. தொடர்பாளரின் உண்மையான வலிமை மேடையில் இல்லை; ஒரு சாதாரண வளையக் கோப்பில்தான் இருக்கிறது.

அக்கோப்பில் ஒவ்வொரு புகாரின் தேதி, புகார் எண், பெற்றுக்கொண்ட அதிகாரியின் பதவி, வந்த பதில் ஆகியவை வரிசையாக இருத்தல் வேண்டும். தொலைபேசியில் சொன்னது எண்ணிக்கையில் சேராது. தொலைபேசி உரையாடல் முடிந்தவுடன் அதன் சாரத்தை மின்னஞ்சலாக அதே அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டால் அது ஆவணமாகிறது. புகைப்படங்களைப் பொறுத்தவரை, ஒரே இடத்தை ஒரே கோணத்தில் வெவ்வேறு நாள்களில் எடுத்த படங்களே பேசும். வடிகாலின் ஆழத்தையோ சாலைக் குழியின் அகலத்தையோ காட்டும்போது ஒரு மீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தால், அதிகாரி அதனை மறுக்க இயலாது.

பாதுகாப்பு: ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் தைப்பிங்கில், வெள்ளத்தைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆவலில் நீரில் இறங்குவது பெரும் அபாயமாகும். மூடியில்லாத வடிகால் வெள்ளத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாது. மின்கம்பத்தின் அருகிலுள்ள நீரில் மின்சாரம் பாய்ந்திருக்கலாம். எலிக்காய்ச்சலும் அந்நீரின் வழியே பரவும். மாடியிலிருந்தோ மேட்டுநிலத்திலிருந்தோ எடுத்த படமே போதுமானது. இடி மின்னல் ஓய்ந்தபின் சுவரில் படிந்த நீர்க்கறையை அளவுகோலுடன் எடுத்தால் அது இன்னும் வலுவான சான்றாகும். குழந்தைகளின் முகம், வாகனப் பதிவெண், மகஜரில் கையொப்பமிட்டோரின் அடையாள அட்டை எண் ஆகியவை எந்தப் படத்திலும் வெளிவரக் கூடாது.

அறிக்கை எழுதும் வரிசை

1. முதற்பத்தியில் எங்கே, என்ன, எப்போதிலிருந்து என்பன இடம்பெற வேண்டும்.
2. இரண்டாம் பத்தியில் சங்கம் இதுவரை எடுத்த நடவடிக்கைகளைத் தேதியுடன் தர வேண்டும்.
3. மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு கோரிக்கையை, அதை நிறைவேற்ற வேண்டிய அலுவலகத்தின் பெயருடனும் காலவரையறையுடனும் வைக்க வேண்டும். ஐந்து கோரிக்கைகள் கொண்ட அறிக்கையில் எளிதானதைச் செய்துவிட்டு மற்ற நான்கையும் மறந்துவிடுவது அலுவலகங்களின் இயல்பு.
4. இறுதியில் தொடர்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், படத்திற்கான விளக்க வரியும் இருக்க வேண்டும்.
5. சங்கத்தைச் சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, புரியாத இடத்தைத் திருத்தியபின், நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும்.

தமிழர் சங்கங்களின் அறிக்கைகளில் மேடைத்தமிழின் சாயல் படிந்துவிடுவது இயற்கையே. திருவிழாவிலும் பாராட்டு விழாவிலும் கேட்டுப் பழகிய அடுக்குமொழி பேனா எடுத்தவுடன் ஓடிவருகிறது. ஆயினும் நாளிதழின் சிறு பத்தியில் அதற்கு இடமில்லை. "பல்லாண்டுகளாகக் கண்மூடித் தூங்கும் நகராண்மைக் கழகத்தின் அலட்சியப் போக்கால் மக்கள் கொதித்தெழுந்துள்ளனர்" என்ற வரியில் செய்தியாசிரியர் பயன்படுத்தக்கூடிய தகவல் ஒன்றுகூட இல்லை. அதற்கு மாறாக, "எங்கள் தாமானின் பின்புற வடிகால் ஏப்ரல் மாதத்திலிருந்து மண்மூடிக் கிடக்கிறது, மூன்று முறை புகார் எண்ணுடன் முறையிட்டுள்ளோம், அக்டோபர் மழைக்கு முன் தூர்வாரி, வேலை முடியும் தேதியை எழுத்தில் தருமாறு கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்" என்ற மாதிரி வாசகம் எவரையும் இழிவுபடுத்தாமல், பதில் சொல்லியே தீர வேண்டிய நிலைக்குக் கழகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

நிருபர் அழைக்கும்போது

வட்டார நிருபர்களில் பலர் பகுதிநேரமாகப் பணியாற்றுவோர், ஊருக்கு அறிமுகமானவர்கள், உறவுமுறை சொல்லியே அழைப்பவர்கள். அந்த நெருக்கம் நன்மையே எனினும், அதில் மயங்கி நழுவும் ஒரு சொல் மறுநாள் தலைப்பாகிவிடக்கூடும். பின்வரும் மாதிரி உரையாடல் இதனை விளக்கும்.

"அண்ணே, அந்த வடிகால் குத்தகையில யாரோ காசு வாங்கிட்டாங்கன்னு ஊர்ல பேச்சு அடிபடுதே, நீங்க என்ன சொல்றீங்க?"

"அதப்பத்தி எங்ககிட்ட ஆதாரம் எதுவும் இல்ல தம்பி, அதனால நான் ஒண்ணும் சொல்ல முடியாது. வடிகால் ஏப்ரல்லருந்து அடைச்சுக் கெடக்குது, மூணு புகார் எண் கையில இருக்கு. வேணும்னா இப்பவே படம் அனுப்புறேன்."

"சும்மா நமக்குள்ள சொல்லுங்கண்ணே, பேரு போடமாட்டேன்."

"பேரு போடலன்னாலும் அதே பதில்தான் தம்பி. கூட்டத்துல பேசி முடிவு பண்ணதத் தவிர வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

இங்கு மூன்று செயல்கள் நிகழ்ந்துள்ளன: வதந்தி மறுக்கப்படவும் இல்லை, ஏற்கப்படவும் இல்லை; பேச்சு ஆவணத்தின் பக்கம் திருப்பப்பட்டது; "நமக்குள்" என்ற அழைப்பு மரியாதை குறையாமல் தள்ளிவைக்கப்பட்டது. விடை தெரியாத கேள்விக்கு, "விசாரித்துவிட்டு மாலைக்குள் அழைக்கிறேன்" என்பதே சரியான விடையாகும். ஆனால் மாலைக்குள் அழைத்தே ஆக வேண்டும்.

எந்த மொழியில்?

அரசு அலுவலகங்களுக்கான கடிதமும் மகஜரும் மலாயில் அமைதல் வேண்டும். அந்த மலாய் வாசகத்தையே மூலமாகக் கொண்டு தமிழ், சீன, ஆங்கில வடிவங்களைத் தயாரித்தால், ஒரு மொழியில் "கேட்டுக்கொள்கிறோம்" என்றும் மற்றொன்றில் "எச்சரிக்கிறோம்" என்றும் மாறிவிடும் விபத்து நேராது. மலேசிய நண்பன், மக்கள் ஓசை போன்ற தமிழ் நாளிதழ்களும் மின்னல் பண்பலையும் நம்மவர் செவிக்கு விரைவில் சென்று சேரும். எனினும், செய்தி தமிழ் ஊடகத்தில் மட்டுமே வந்தால், ஒரு தெருவின் வடிகால் பிரச்சினை "இந்தியர் பிரச்சினை" என்ற முத்திரை பெற்று, அதே தெருவில் வாழும் மலாய், சீனக் குடும்பங்கள் விலகிவிடும் நிலை உருவாகிறது. மழை எல்லா வீட்டுக்குள்ளும்தான் நுழைகிறது. ஆகவே அறிக்கை ஒரே நாளில் எல்லா மொழி ஊடகங்களுக்கும் செல்ல வேண்டும்.

பேராக்கின் முன்னுதாரணம்: பாப்பானும் புக்கிட் மேராவும்

ஊர்மக்களின் குரல் எதுவரை செல்லக்கூடும், அதற்கு என்ன விலை தர நேரிடும் என்ற இரண்டையும் இம்மாநிலத்தின் வரலாறே காட்டுகிறது. இங்குக் குறிப்பிடப்படும் புக்கிட் மேரா, தைப்பிங்கிற்கு வடக்கே ஏரியுள்ள புக்கிட் மேரா அன்று. ஈப்போவை அடுத்த லஹாட் பகுதியிலுள்ள புதுக்கிராமமாகும். ஈயச் சுரங்கங்களில் எஞ்சும் அமாங் எனப்படும் கனிமக் கழிவிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஏசியன் ரேர் எர்த் நிறுவனம், தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவைப் பாப்பான் சிற்றூரில் புதைக்கத் திட்டமிட்டபோது, 1984ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் கையொப்பம் திரட்டி, கூட்டம் கூட்டி எதிர்த்தனர். அரசு அத்திட்டத்தை அங்கிருந்து மாற்றியது. 1985ஆம் ஆண்டில் புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர், தங்கள் சார்பிலும் ஊரார் சார்பிலும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஆலைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது.

பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட், ஊராருக்காக வழக்காடிய மீனாட்சி ராமன் ஆகியோர் 1987 அக்டோபரில் தொடங்கிய ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். வழக்கு அத்துடன் நின்றுவிடவில்லை. 1992 ஜூலை 11 அன்று ஆலையை மூடுமாறு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆயினும் 1994 ஜனவரியில் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது.

தொடர்பாளர் இதிலிருந்து பெறவேண்டிய செயல்முறைப் பாடங்கள் இரண்டு. முதலாவது, குரல் ஒருவரிடம் மட்டும் குவிந்திருந்தால் அவரை அகற்றியவுடன் இயக்கமே ஊமையாகிவிடும். வழக்கில் பெயர் கொடுத்தவர்கள் எண்மர் என்பது நினைவில் நிற்க வேண்டும். இரண்டாவது, நீதிமன்றத்தில் தோற்ற ஆண்டிலும் ஊராரின் நியாயம் பொதுமக்களிடம் தோற்கவில்லை. அதற்கு, பல்லாண்டுகளாகப் பொதுவெளியில் வைக்கப்பட்ட சான்றுகளே காரணம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. பேசுவோர் கவனிக்க வேண்டிய வேறு சட்டங்கள் நடப்பில் உள்ளன.

சட்டப் பாதுகாப்பு

அவதூறு: ஒரு தனிமனிதரின் நேர்மையைத் தாக்கும் சொல், 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டப்படி இழப்பீட்டு வழக்கிற்கு இடமளிக்கும், குற்றவியல் சட்டத்திலும் அவதூறு குற்றமாகும். செயலைச் சொல்லலாம்; நோக்கத்தைக் கற்பிக்கக் கூடாது. "வடிகால் தூர்வாரப்படவில்லை" என்பது செயல். "வேண்டுமென்றே செய்யவில்லை" என்பது நோக்கம்.

இணையப் பதிவு: 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு முகநூலுக்கும் புலனத்திற்கும் பொருந்தும். சங்கத்தின் பக்கத்தில் பிறர் இடும் கருத்துகளையும் நாள்தோறும் பார்வையிட்டு, இனத்தையோ சமயத்தையோ அரச அமைப்பையோ தொடும் கருத்துகளை உடனடியாக நீக்க வேண்டும்.

கூட்டம்: 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டப்படி, ஏற்பாட்டாளர் ஐந்து நாள்களுக்கு முன் மாவட்டக் காவல்துறைத் தலைவரிடம் அறிவிப்புத் தர வேண்டும். அறிவிப்புத் தராமைக்கான தண்டனைப் பிரிவு செல்லாதெனக் கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்துள்ள போதிலும், அறிவிப்பைத் தந்துவிட்டுக் கூடுவதே வயதானோரையும் பெண்களையும் அழைத்துவரும் சங்கத்திற்குப் பாதுகாப்பானது. ஏற்பாட்டாளர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். 15 வயதுக்குட்பட்டோரைப் பங்கேற்கச் செய்யக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கூடவும் கூடாது. கோவில் மண்டபத்துக்கு வெளியே பதாகையுடன் நிற்கும் பழக்கம் இவ்விதியை அறியாமல் மீறுவதாகும்.

காலம் தவறக்கூடாத இடங்கள்

மேம்பாட்டுத் திட்டங்களில் குரலின் வலிமையைவிட அது எழும் நேரமே முக்கியம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத இடத்தில் மட்டுமே அண்டை நிலவுடைமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டு, மறுப்புத் தெரிவிக்க 21 நாள்கள் வழங்கப்படுகின்றன. உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட பகுதியில் அந்த அறிவிப்பை எதிர்பார்க்க இயலாது. எனவே, வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வாரங்களே உண்மையான வாய்ப்பாகும். அப்போது நில வரைபடத்தில் தங்கள் தெருவைச் சுற்றியுள்ள வண்ணங்களைப் பார்த்து, பசுமை நிலம் வணிக நிலமாகக் காட்டப்பட்டிருப்பின் எழுத்தில் மறுப்புத் தர வேண்டும். எந்திரம் வந்து நின்றபின் செய்தியாளர் சந்திப்பு நடத்துவது மிகத் தாமதமான செயல்.

மரங்கள் குறித்து அச்சட்டத்தின் 35எச் பிரிவு அதிகம் அறியப்படாத ஒன்று: அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை, சட்டம் விலக்களித்த சூழல்கள் தவிர, திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்து அனுமதியின்றி வெட்டக்கூடாது. ஈயச் சுரங்க நிலத்தில் 1880ஆம் ஆண்டில் உருவான ஏரிப் பூங்காவும், நீர்மேல் கிளை தாழ்த்தி நிற்கும் அதன் தூங்குமூஞ்சி மரங்களும் எல்லாருடைய கவனத்திலும் உள்ளன. குடியிருப்பின் மூலையில் நிற்கும் பெயரற்ற மரத்திற்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. புக்கிட் லாருட் கேபிள் கார் போன்ற பெரிய திட்டங்களைப் பற்றிப் பேச நேரும்போது, சங்கம் தன் குடியிருப்புக்கு நேரும் விளைவை மட்டும், அதாவது போக்குவரத்து, நீரோட்டம், மண்சரிவு பற்றித் தனக்குத் தெரிந்த அளவில் மட்டும் பேச வேண்டும். சூழலியல் வாதத்தை அத்துறை அறிந்த அமைப்புகளிடம் விட்டுவிடுவதே இருசாராருக்கும் நல்லது.

வேறு சில பிழைகள்

தேர்தல் நெருங்கும்போது கட்சி மேடையில் தோன்றுவது, மூன்றாண்டுக் கால நம்பிக்கையை ஒரே மாலையில் கரைத்துவிடும். வேட்பாளர்கள் அனைவரிடமும் ஒரே கேள்வித்தாளைத் தந்து, வந்த பதில்களை அப்படியே வெளியிடுவது ஏற்கத்தக்க வழி.

வெற்றி கிடைத்தபின் மௌனமாகிவிடுவதும் ஒரு பிழையே. வடிகால் தூர்வாரப்பட்டால், வேலை செய்த பிரிவுக்கு நன்றி தெரிவித்து ஒரு சிறு அறிக்கை அனுப்ப வேண்டும். குறைசொல்ல மட்டுமே வரும் சங்கம் என்ற பெயர் இதனால் நீங்குவதோடு, மழைக்காலத்தில் அதே அதிகாரியை மீண்டும் அழைக்கும்போது அவர் தொலைபேசியை எடுப்பார்.

தவறான தகவல் வெளியாகிவிட்டால், அதே நாளில், அதே ஊடகங்களுக்கு, எது தவறு, எது சரி என இரண்டே வரிகளில் திருத்தம் அனுப்ப வேண்டும். விளக்கம் நீளும் அளவுக்குச் சந்தேகமும் நீளும்.

பொறுப்பை ஒப்படைத்தல்

ஈராண்டுக்கு ஒருமுறை தொடர்பாளரை மாற்றுவது நலம். விலகுபவர் செய்ய வேண்டியவை: (1) கோப்பையும் படங்களையும் செயலாளரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைத்தல், (2) முகநூல், மின்னஞ்சல் கடவுச்சொற்களைச் செயலாளர் முன்னிலையில் மாற்றிக் கொடுத்தல், (3) நிலுவையிலுள்ள புகார்களையும், அதிகாரிகள் வாய்மொழியாகத் தந்த வாக்குறுதிகளையும் தேதியுடன் ஒரு பக்கத்தில் எழுதுதல், (4) புதியவரை நிருபர்களுக்கும் வட்டாரக் கழக உறுப்பினருக்கும் நேரில் அறிமுகப்படுத்துதல், (5) அதன்பின் வரும் அழைப்புகளுக்குக் கருத்து எதுவும் சொல்லாமல், புதியவரின் எண்ணை மட்டும் தருதல்.